மஃரிபுக்குத் தேதி மாறும் வீடு

அத்தியாயம் பதினொன்று

கூடத்துச் சுவர்க்கடிகாரம் வியாழன், பன்னிரண்டு, பிப்ரவரி என்று காட்டிக்கொண்டிருந்தது. அது அந்தச் சுவரில் இருக்கப்போகும் கடைசி நாள் என்று கைருன் பீவியின் மகன் அஸ்லம் முடிவு கட்டியிருந்தான். கைருன் பீவி எந்த முடிவும் கட்டவில்லை. அவளை யாரும் கேட்கவுமில்லை.

அவள் வீட்டுக்காரர் ஜலாலுதீன் பழவேற்காடு கடைத்தெருவில் கயிற்றுக்கடை வைத்திருந்தவர். மழை தொடங்கிய வாரத்தில் அவர் கண்ணை மூடினார். அன்று முதல் கைருன் பீவி இத்தாவில் இருக்கிறாள். நான்கு மாதம் பத்து நாள், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், வாசல்படி தாண்டாமல். துணைக்கு மருமகள் ஃபர்ஹத் சென்னையிலிருந்து வந்து கூடவே தங்கிவிட்டாள். இத்தா முடிந்த கையோடு உம்மாவைப் பெரம்பூர் மூன்றாவது மாடிக்கு அழைத்துப் போய்விடுவது என்று அஸ்லம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்த மூன்றாவது மாடியில் நாலு ஜன்னல், நாலு அலமாரி, ஒரு பெரிய டிவி. ஆள் உயரத்தில் பாதி இருக்கும் ஒரு கடிகாரத்தை மாட்டச் சுவர் இல்லை.

அதனால்தான் கேசவன் வருகிறார். பழைய கடிகாரங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர். ஒரு நாள் சும்மா இருக்கமாட்டாமல் ஃபர்ஹத் அந்தக் கடிகாரத்தைப் படம் பிடித்து போனில் ஸ்டேட்டஸ் வைத்தாள். அது எங்கெங்கோ சுற்றி அவர் கைக்குப் போய்விட்டது. “என் கையை நானே ஒடிச்சுக்கணும் மாமி” என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கேசவன் வரும் நாளைக் குறித்ததிலும் ஒரு வழக்கு.

ஜலாலுதீன் இறந்தது பொழுது சாயும் நேரத்து மஃரிப் பாங்கு முடிந்த சற்றைக்கெல்லாம். டாக்டர் தந்த சீட்டில் அக்டோபர் ஆறு என்று இருந்தது. அஸ்லம் அதைப் போனில் ஏதோ ஆப்பில் போட்டு, பிறைக் கணக்குக்கு மாற்றி, இத்தா புதன்கிழமையோடு முடிகிறது என்று சொல்லி, வியாழக்கிழமைக்குக் கேசவனை வரச் சொல்லிவிட்டான்.

“உங்க வாப்பா மவுத்தானப்ப மகரிபு ஆயிட்டுச்சு. தேதி மாறிடுச்சு” என்றாள் கைருன் பீவி.

“ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் உம்மா தேதி மாறும்.”

“உன் போன்ல அப்பிடி மாறும். நம்ம ஊட்டுல மகரிபுக்கு மாறும்.”

கடைசியில் ஃபர்ஹத் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கே போன் போட்டாள். மஃரிபுக்குப் பிறகென்றால் மறுநாள் கணக்குதான், வியாழன் மஃரிபில்தான் முடியும் என்று அவர் சொன்னார். ஆனால் அதற்குள் கேசவனுக்குச் சொன்ன சொல்லை மாற்ற முடியவில்லை. அவர் மறுநாள் பெங்களூர் போகிறாராம்.

ஆக, இத்தாவின் கடைசிப் பகலும் கடிகாரத்தின் கடைசிப் பகலும் ஒரே பகலாக அமைந்துபோயின.

காலையில் முதல் ஆளாகப் பின்வாசலுக்கு வந்தவள் தேவகி. கோட்டைக்குப்பத்துக்காரி. கூடையை இறக்கி, மேலே மூடியிருந்த ஈரத்துணியை விலக்கினாள்.

“கெழங்கான் கீது, எறா கீது. நீ எறா எடுத்துக்கோ பாயம்மா. கடைசி நாளு, வாய்க்கு ருசியா துன்னு.”

“கடைசி நாளுன்னா இன்னாடி? நாளைலேர்ந்து துன்னமாட்டனா?”

தேவகி நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை மாதமும் அவள் மீன் போடும் சாக்கில் பின்வாசலில் குந்தி, ஊரில் நடப்பதை ஒன்றுவிடாமல் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனவள். யார் வீட்டில் பெண் சமைந்தாள், யார் படகு மோட்டார் கெட்டது, ஏரி வாய் மண்மூடி இந்த வருஷம் எறா எப்படி ஏமாற்றியது, எல்லாம்.

“மெய்யாலுமா பாயம்மா? உம் புள்ள அந்தக் கடியாரத்தக் குடுக்கப்போவுதா?”

“ஆள் வராரு பாக்க.”

“எங்க ஊட்டுக்காரரு நேத்து சோறு துன்னாம பொலம்பிக்கினு கீறாரு. அந்தக் கடியாரம் உங்களுது மட்டுமா? எங்க பாட்டுக்கும் அதுதான?”

அது உண்மைதான். ஏரியில் எறா வலை போடும் இடங்களுக்கு முறை உண்டு. பாடு என்பார்கள். ஒரு கூட்டத்தின் பாடு முடிந்து அடுத்த கூட்டத்துக்கு இடம் மாறுவது பொழுது சாய்ந்தபின்தான். செல்போன் வராத காலத்தில், இந்த வீட்டுக்குப் பின்னால் கால்வாயில் தண்டு வலித்துப் போகிற ஆட்கள், ஜன்னலுக்கு நேராக வரும்போது குரல் கொடுப்பார்கள்.

“பாய், தேதி உழுந்துச்சா?”

“உழுந்துச்சு, உழுந்துச்சு. போய் வலையப் போடு” என்பார் ஜலாலுதீன், கையில் டீ கிளாஸோடு.

போன் வந்தபிறகும் தேவகியின் வீட்டுக்காரன் லோகநாதன் மட்டும் விடவில்லை. பையில் போனை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போவான். கேட்காமல் போனால் வலையில் நண்டுதான் விழும் என்று அவனுக்கு ஒரு எண்ணம்.

“ராத்திரி பன்னெண்டு மணிக்கு மாறுற தேதிய வெச்சிக்கினு நாங்க இன்னா பண்றது?” என்றாள் தேவகி. “அந்நேரம் வலை பாதி தண்ணில கெடக்கும்.”

கைருன் பீவி எறாவை முறத்தில் வாங்கிக்கொண்டாள். “பொழுது சாய்ஞ்சதும் இத்தா முடியுதுடி. நாளைக்குக் காலைல முன்வாசலுக்கு வா. அங்க வெச்சு வாங்கறேன்.”

“முன்வாசலுக்கா? அப்ப நானும் பூ வெச்சிக்கினு வரேன்” என்று கூடையைத் தலைக்கு ஏற்றினாள் தேவகி.

மதியம் லுஹர் தொழுகை முடிந்து ஊர் அடங்கும் வேளையில் கேசவன் வந்து சேர்ந்தார். கைருன் பீவி கூடத்தை ஒட்டிய அறையில், கதவுத் திரைக்கு இந்தப் பக்கம், பாயில் உட்கார்ந்தாள். பார்க்க முடியாது. கேட்கலாம். இத்தனை மாதத்தில் அவளுக்குக் காது நன்றாகக் கூராகிவிட்டிருந்தது. செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே வந்தவர் யாரென்று சொல்லிவிடுவாள்.

வந்தவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கை கழுவத் தண்ணீர் கேட்டார். பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை.

“சார், எதாவது பேசுங்க” என்றான் அஸ்லம்.

“பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட உடனே பேசச் சொன்னா எப்படிங்க?” என்றார் கேசவன்.

திரைக்கு இந்தப் பக்கம் ஃபர்ஹத் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கேசவன் கடிகாரத்தோடுதான் பேசினார். அஸ்லம் பக்கத்தில் நின்று கேட்டான், அவ்வளவுதான். விக்டோரியா ராணி காலத்துச் சரக்கு. கறுத்த மரம், மேலே ஒரு முகம், கீழே ஒரு முகம். மேல்முகம் மணி காட்டும். கீழ்முகத்தில் ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை எண், அதைச் சுற்றி ஒற்றை முள். நடுவில் இரண்டு சின்ன ஜன்னல்கள், ஒன்றில் கிழமை, ஒன்றில் மாதம்.

“மாசத்துக்கு முப்பதா முப்பத்தொண்ணான்னு நாம சொல்ல வேண்டாங்க. லீப் வருஷம் பிப்ரவரிக்கு ஒரு நாள் கூடங்கிறதுகூட அதுக்கே தெரியும். எங்க அப்பாவுக்கே தெரியாது, எங்க அண்ணன் பொறந்த நாளை வருஷா வருஷம் மார்ச் ஒண்ணுல கொண்டாடுவாரு.”

“உங்ககிட்ட நெறைய கடிகாரம் இருக்கா சார்?”

“இருக்கு. ஒண்ணும் ஒரே நேரம் காட்டாது. எங்க வீட்டுக்காரி மணி பாக்க டிவியத்தான் போடுவாங்க.”

கைருன் பீவிக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போயிற்று. அதுதான் சங்கடமாக இருந்தது. பிடிக்காத ஆளாக இருந்தால் மறுப்பது சுலபம்.

பிறகு கண்ணாடிக் கதவு திறக்கும் கிறீச்சொலி கேட்டது. வெள்ளிதோறும் ஜும்ஆவுக்கு முன் ஜலாலுதீன் ஸ்டூல் போட்டு ஏறிச் சாவி கொடுக்கும்போது கேட்கும் ஒலி. அவருக்குப் பின் அவளே ஏறிக் கொடுத்தாள். இப்போது அந்த ஒலி வேறொரு கையால் எழுந்தது. அவள் தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்திவிட்டாள்.

“சார், இதுல ஒரு கோளாறு இருக்கே” என்றார் கேசவன். “தேதி எப்ப மாறுது?”

“சாயங்காலம் ஆறு மணிவாக்குல. மகரிபுக்கு.”

“அதான பாத்தேன். உள்ளே ஒரு பல்சக்கரம் ஒரு நாளைக்கு ஒரு சுத்து சுத்தி தேதிய இழுத்துவிடும். அதைச் சில பல் தள்ளி மாட்டியிருக்காங்க. நடுராத்திரி விழ வேண்டியது பொழுது சாயவே விழுது.”

“அது எங்க வாப்பாவோட பாட்டனார் வெச்சதுங்க. எங்களுக்கு நாள் தொடங்கறது மகரிபுலதான். அதுக்குத் தோதா மாத்தினாராம். ஊர்ல எல்லாருக்கும் தெரியும்.”

திரைக்குப் பின்னால் கைருன் பீவி தலையைக் குனிந்துகொண்டாள். நாலு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை யாரும் பார்க்கக் கூடாது.

பாட்டனார் வைக்கவில்லை.

பொன்னேரியிலிருந்து அவள் மணமாகி வந்த புதிது. சின்ன வயதில் ஒரு நாள் அவள் வாப்பா வீட்டில் திருடன் புகுந்தான். தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தில்தான் அவள் விழித்தாள். அன்றிலிருந்து ராத்திரியில் மரம் தட்டும் ஒலி கேட்டால் உடம்பு சில்லிட்டுப்போகும். இந்த வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி, ஊரே அடங்கின பிறகு, கூடத்திலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். தாழ்ப்பாளைத் தட்டின மாதிரியே. எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

புது மாப்பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. நாலைந்து நாள் பார்த்தார். ஒரு நாள் சொன்னார், “அது தேதி மாறுற சத்தம். நாளைக்குன்னு ஒரு நாள் வருதுன்னு சொல்லுது. வேற ஒண்ணுமில்ல.”

“நாளைக்கு வரட்டும். இவ்ளோ சத்தம் போட்டுக்கினுதான் வரணுமா?” என்றாள் அவள்.

அடுத்த வாரம் பொன்னேரியிலிருந்து ஒரு கடிகாரக்காரரைக் கூட்டிவந்தார் ஜலாலுதீன். அவருடைய வாப்பா, “ஓடிக்கினு இருக்கிறத எதுக்கு நோண்டுற?” என்று கேட்டதற்கு, முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

“நமக்கு நாள் தொடங்கறது மகரிபுலதான வாப்பா? கடிகாரம் மட்டும் இன்னாத்துக்கு வெள்ளக்காரன் கணக்குல ஓடணும்?”

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளிவாசலில் நாலு பேரிடம் சொன்னார். நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். மார்க்கப் பற்றுள்ள பிள்ளை என்று ஊரே கொண்டாடியது. வருஷம் ஆக ஆக, அந்தக் கதை பிள்ளையிடமிருந்து கழன்று வாப்பாவிடம் போய், அங்கிருந்தும் கழன்று பாட்டனாரிடம் போய் ஒட்டிக்கொண்டது. ஜலாலுதீன் ஒருநாளும் திருத்தவில்லை. பிள்ளையிடமே பாட்டனார் கதையைத்தான் சொன்னார்.

அந்த ராத்திரி மட்டும், கூடத்தில் சத்தம் வராத முதல் ராத்திரி, அவள் காதோரம் சொன்னார். “ஊருக்கு மார்க்கம். உனக்குத் தூக்கம்.”

அதற்குப் பிறகு அந்த ‘டொக்’ அவளுக்கு விளக்கு வைக்கும் நேரத்துச் சத்தமாகிவிட்டது. பாங்குக்குச் சற்று முன்னோ பின்னோ விழும். விழுந்ததும் அவர் கடையிலிருந்து வந்து தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யும் தண்ணீர்ச் சத்தம். வியாழக்கிழமை சாயங்காலமே ஜன்னலில் வெள்ளி என்று வந்துவிடும். வெள்ளி ராவுக்கு யாசீன் ஓத உட்கார்ந்துவிடுவார்கள். அவர் போன அன்றும் அது விழுந்தது. பாங்கு முடிந்தது, ‘டொக்’ என்றது, அவர் அதைக் கேட்டுக் கண்ணைத் திறந்தார். பிறகு மூடினார். எந்தச் சீட்டில் எந்தத் தேதி இருந்தால் என்ன, அவளுக்கு அந்தச் சத்தத்திலிருந்துதான் இத்தா தொடங்கியது. அந்தச் சத்தத்தோடுதான் முடிய வேண்டும்.

அதனால்தான், காலையிலிருந்து அவள் ஒன்றே ஒன்றைத்தான் அஸ்லமிடம் கேட்டிருந்தாள்.

“மகரிபு வரைக்கும் அத எறக்க வேணாம்.”

“சரி உம்மா. அவரும் உங்ககிட்ட பேசிட்டுத்தான் எடுப்பாரு.”

பிற்பகல் அஸர் பாங்கு கேட்டதும் அவள் பின்கட்டுக்கு எழுந்து போனாள். தொழுதாள். ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கேட்டாள், ஏரிக்குப் போனவர்களுக்காகக் கேட்டாள், தனக்கு என்ன கேட்பதென்று தெரியாமல் கையை முகத்தில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் எறாவை உரித்து ஆணம் வைத்தாள். ஃபர்ஹத் தேங்காய் அரைத்தாள்.

“மாமி, பெரம்பூர்ல நம்ம ஃப்ளாட்டுல ஒரு சத்தமும் கேக்காது. ஏசி போட்டா வெளி ஒலகமே கெடையாது.”

“நல்லதா கெட்டதா, எதுக்குச் சொல்ற?”

ஃபர்ஹத் மிக்ஸியை இன்னொரு சுற்று ஓட்டினாள்.

பொழுது மேற்கே இறங்கியது. கேசவன் ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வந்து, தின்பண்டத்தைத் தொடாமல் டீயை மட்டும் குடித்தார். கைருன் பீவி குளித்து, வெளுத்த சேலை உடுத்தி, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, திரைக்கு இந்தப் பக்கம் மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

பாங்கு ஒலித்தது. முதலில் பெரிய பள்ளிவாசல், ஒரு மூச்சு பிந்தி அடுத்தது. ஏரிக்காற்றில் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. முடிந்தது.

அவள் காத்திருந்தாள்.

பெண்டுலம் போய் வந்தது. போய் வந்தது. கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

“மாமி, பாங்கு சொல்லியாச்சு” என்றாள் ஃபர்ஹத் மெல்ல. “இத்தா முடிஞ்சிருச்சு. எந்திரிங்க.”

“இரு.”

கால்வாயில் ஒரு படகு போகும் மோட்டார் சத்தம் வந்து, தேய்ந்து, இல்லாமல் போயிற்று. லோகநாதனாக இருக்கும். குரல் கொடுக்கவில்லை.

“மாமி.”

“இன்னும் விழலியே” என்றாள் கைருன் பீவி. குரல் அவளுடையதாகவே இல்லை. “தேதி விழலியே ஃபர்ஹத்.”

ஃபர்ஹத்துக்கு அப்போதுதான் உறைத்தது. திரையை விலக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். போன வேகத்தில் அவள் குரல் திரும்பி வந்தது.

“ஏங்க, கடிகாரத்த இன்னா பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணல. சார்தான் சரி பண்ணாரு. அஸர் டைம்ல.”

“சரி பண்ணாரா?”

கேசவன் எழுந்து நின்றுவிட்டார் போலிருந்தது. “நான்தாம்மா. சக்கரத்தைப் பழையபடி நேரா மாட்டினேன். இனிமே ராத்திரி பன்னெண்டுக்கு மாறும். சார்கிட்ட கேட்டேன், செய்யுங்கன்னாரு. எதாவது தப்பாயிருச்சா?”



கைருன் பீவி தரையில் கையை ஊன்றி எழுந்தாள். திரையைத் தானே விலக்கினாள். அந்நிய ஆண் ஒருவர் முன்னால் நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வந்து நின்றாள். கேசவனை அப்போதுதான் பார்த்தாள். குரலை வைத்து அவள் நினைத்ததைவிடக் குள்ளம். கையில் துணியை வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கீழ்முகத்தில் முள் பன்னிரண்டிலேயே நின்றது. ஜன்னலில் வியாழன். வெள்ளி ராவு வந்துவிட்டது, அந்தச் சுவரில் மட்டும் வரவில்லை.

“அம்மா, என்னை மன்னிச்சிருங்க” என்றார் கேசவன். “கழட்டி மறுபடி அதே மாதிரி வெச்சுத் தர்றேன். சக்கரத்துல புள்ளி இருக்கு. பழைய எடத்துக்கு ஒண்ணு, மகரிபுக்கு ஒண்ணு. ஒரு மணி நேர வேலை. வெச்சிட்டு முள்ளையும் பதிமூணுக்கு நகத்திடறேன்.”

“உம்மா, அதான் சொல்றாரே” என்றான் அஸ்லம். அவன் முகம் சின்னப் பையன் முகம்போல ஆகியிருந்தது. “நான் வேணும்னு பண்ணல. விக்கிறதுன்னா சரியா இருக்கணுமேன்னுதான்.”

கைருன் பீவி கண்ணாடிக் கதவில் கை வைத்தாள். அது மூடியிருந்தும் இன்னொரு தடவை அழுத்தி மூடினாள்.

“வேணாம்” என்றாள்.

“இன்னா வேணாம்?” என்றான் அஸ்லம்.

“மாத்த வேணாம். நா இந்த ஊட்டுக்கு வந்தப்ப அது இப்பிடித்தான் இருந்துச்சு.”

அஸ்லம் புரியாமல் பார்த்தான். “பாட்டனார் வெச்சதுன்னு வாப்பா சொன்னாரே?”

“உங்க வாப்பா சொல்லுவாரு.”

ஃபர்ஹத் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன தெரிந்ததோ, அதற்குமேல் ஒன்றும் கேட்கக் கூடாது என்று பட்டு, கணவனின் சட்டையைப் பின்னாலிருந்து லேசாக இழுத்தாள்.

கைருன் பீவி கேசவன் பக்கம் திரும்பினாள். நேருக்கு நேர் பார்க்காமல், அவர் கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“பாங்கு சொல்லியாச்சு. எனக்கு இத்தா முடிஞ்சுதுங்க. அதுக்கு இன்னும் முடியல. ராத்திரி ஆவணும். அதுவரைக்கும் அது வெளிய போவக்கூடாது. அந்தச் சத்தத்த நா ஒரு தடவ கேக்கணும். ஒண்டியா கேட்டா பயப்படறனா இல்லியான்னு பாக்கணும்.”

இத்தா என்றால் என்னவென்று கேசவனுக்கு அன்று மதியம்தான் அஸ்லம் சொல்லியிருந்தான். அவர் துணியை மடித்துத் தோள்பைக்குள் வைத்தார். திருப்புளியைத் துடைத்து அதன் உறையில் செருகினார். வண்டிக்கு வெளியே காத்திருந்த டிரைவருக்குப் போன் போட்டு, சாக்கும் கயிறும் இறக்க வேண்டாம் என்றார்.

“சார், நாளைக்கு நீங்க பெங்களூர்னீங்களே” என்றான் அஸ்லம்.

“பெங்களூர் அங்கயேதான் இருக்கும். அது எங்க போவப்போவுது?” செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார் கேசவன். வாசல்படியில் நின்று ஒரு நிமிஷம் யோசித்துத் திரும்பினார். “அம்மா, நாளைக்கு வெள்ளிக்கிழமை. சாவி குடுக்கற நாள்னு சார் சொன்னாரு. கடைசி ரெண்டு சுத்து கொஞ்சம் இறுக்கமா வரும், எண்ணெய் போட்டிருக்கேன். கையைப் பாத்துக் குடுங்க.”

வண்டி போய்விட்டது.

கூடத்தில் மூன்று பேரும் கடிகாரமும் மட்டும். ஃபர்ஹத் போய் விளக்கைப் போட்டாள். ஆணத்தின் வாசனை பின்கட்டிலிருந்து வந்தது. கைருன் பீவி முன்வாசல் கதவைத் திறந்து, நிலைப்படியில் கை வைத்து, தெருவைப் பார்த்தாள். நாலு மாதத்தில் தெரு ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. எதிர்வீட்டுச் சுவரில் யாரோ புதிதாகப் பச்சை அடித்திருந்தார்கள். அவருக்குப் பச்சை பிடிக்கும், பார்த்திருந்தால் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார்.

“நாளைக்குத் தேவகி இந்தப் பக்கமா வருவா” என்றாள். “உனக்கு இன்னா மீன் வேணும்னு இப்பவே சொல்லு அஸ்லம்.”



திரும்பிப் பார்த்தாள். அவன் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, போனைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் கண்ணாடி உடைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பானே, அந்த உட்கார்வு. ஃபர்ஹத்தின் முகமும் சுண்டிப்போயிருந்தது. அவளுக்கு முன்பே தெரியுமா, இப்போதுதான் தெரிந்ததா என்று கைருன் பீவியால் ஊகிக்க முடியவில்லை.

“இன்னாடா?”

“கடிகாரத்துக்கு மட்டும் நான் வாக்குக் குடுக்கல உம்மா.”

“பின்ன?”

“ஊட்டுக்கும் குடுத்துட்டேன்.” அவன் தலை நிமிரவில்லை. “பின்னாடி கால்வாய் இருக்கிறதால ஒருத்தர் கேட்டாரு. தங்கற விடுதி கட்டப்போறாராம். நீங்க இத்தாவுல இருந்தீங்க, அப்ப எப்படிப் பேசறதுன்னு... நாளைக்குக் காலைல அளக்க ஆளுங்க வராங்க.”

நாளைக்கு.

அந்த வார்த்தை கூடத்தில் விழுந்து கிடந்தது. கைருன் பீவி நிலைப்படியிலிருந்து கையை எடுக்கவில்லை. கண் மட்டும் சுவருக்குப் போயிற்று. வியாழன். பன்னிரண்டு.

ஜலாலுதீன் வைத்தபடியே இருந்திருந்தால் அந்த ‘நாளை’ இந்நேரம் இந்த வீட்டுக்குள் வந்திருக்கும். வெள்ளி என்று பெயரும் போட்டுக்கொண்டிருக்கும். இன்றைக்கு வரவில்லை. அது வந்து சேர இன்னும் ஆறு மணி நேரம் கிடந்தது.

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“ஃபர்ஹத், சோத்தப் போடு” என்றாள். “துன்னுட்டுப் பேசுவோம். நாளைக்கு வரதுக்கு இன்னும் நேரம் கீது.”